மூன்று சுற்று

செப்டம்பர் இருபத்தாறு. காலை 9.40.
ஏழாம் எண் கோபுரம் நின்றுவிட்டது
என்கிறது திரை.
காற்று நிற்கவில்லை:
நொடிக்கு எட்டு மீட்டர், திசை 214 பாகை.

வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று
திசைக்கொரு பெயர் வைத்த மொழி என்னுடையது.
214க்கு அதில் பெயரில்லை.
தென்றலுக்கும் கோடைக்கும் இடையில் எங்கோ
முகவரி இல்லாமல் வருகிறது.

வண்டியை முஸல்லம் ஓட்டுகிறான்.
தும்ரைத் சாலையில் லாரிகள், பிறகு சரளை,
பிறகு சக்கரத் தடம் மட்டும்.
மலைக்கு அந்தப் பக்கம் சலாலாவில்
இன்னும் பச்சை இருக்கிறதாம்.
ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு இங்கே வரும் காற்றிடம்தான்
நாங்கள் வேலை வாங்குகிறோம்.

கோபுரத்தின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது.
அதற்குள் வரிசையாக ஒன்பது ஒட்டகங்கள்.
நிழல் நகர நகர எழுந்து
ஓரடி தள்ளிப் படுக்கின்றன.
இந்த நிலையத்தில்
சரியாக நேரம் பார்ப்பவை அவை மட்டுமே.

"உடைந்துவிட்டதா?" என்கிறான் முஸல்லம்.
வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள்.
இல்லை, மேலே பார்.
தலை மெதுவாகத் திரும்புகிறது,
காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நேற்றிரவு முழுக்கக் காற்று அலைந்தது.
பருவம் முடிகிற வாரத்தில் அப்படித்தான்.
அது போன பக்கமெல்லாம்
இதுவும் முகத்தைத் திருப்பிப் பின்னால் போனது,
ஒரே கைப்பக்கமாக, ஒரு சுற்று, இரண்டு, மூன்று.
உள்ளே தொங்குகிற தடித்த கேபிள்கள்
ஈரத்துணி பிழிவதுபோல் முறுகிவிட்டன.
இனி ஒரு சுற்றும் தாங்காது.
அதனால் வேலையை நிறுத்திவிட்டு
வந்த வழியே மூன்று சுற்று
திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

"இதற்கு உன் மொழியில் என்ன?"
முறுக்கு என்றேன்.
"அது தின்பதல்லவா?
மலபார் கடையில் வாங்குவோமே!"
அதுவும்தான் என்றேன்.
சிரித்ததில் அவன் தேநீர் சிந்தியது.

காத்திருக்கும் நேரத்தில் அவனுக்குச் சொன்னேன்:
காற்று இறக்கையைத் தள்ளுவதில்லை.
வளைந்த பக்கம் வேகமாக வழுக்கிப் போகிறது,
போகிறபோது இறக்கையை இழுத்துக்கொண்டு போகிறது.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுதான்,
சோம்பல்போலத் தெரியும்.
பற்சக்கரப் பெட்டிக்கு மறுபுறம்
அதே சோம்பல் ஆயிரத்தைநூறு.
அங்கே காந்தம் செம்பைத் தொடாமலே சுற்றுகிறது.
தொடாததில்தான் மின்சாரம்.

"எல்லாக் காற்றையும் பிடித்துவிடலாமே?"
முடியாது.
முழுவதும் எடுத்துக்கொண்டால்
காற்று இறக்கைக்குப் பின்னால் செத்து நிற்கும்,
அடுத்த காற்றுக்கு வழியிருக்காது.
நூறில் அறுபதைக்கூட எட்ட முடியாது,
மிச்சத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்.
எனக்கு விசா எடுத்துத் தந்த ஏஜெண்ட்
இந்தக் கணக்கைப் படித்திருக்கவில்லை.

பத்து மணி ஏழு நிமிடம்.
தலை நின்றது. பிறகு யோசித்ததுபோல்
214க்கு முகம் திருப்பியது.
இறக்கைகள் தம் அச்சில் மெல்லப் புரண்டன.
ஒரு ஒட்டகம் மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

முஸல்லம் உடனே அக்காவுக்குப் போன் செய்தான்:
"பிரிட்ஜைத் திறந்து பார்,
நான் அனுப்பிய கரண்ட் வந்துவிட்டதா?"
அவள் திட்டியது எனக்கும் கேட்டது.
கம்பியில் ஏறியபின் அது
எரிவாயு நிலையத்து மின்சாரத்தோடு கலந்துவிடும்.
எந்த ஊர், யார் அனுப்பியது என்று
விளக்கும் கேட்பதில்லை, மீன் பெட்டியும் கேட்பதில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
'ஏழு. நிறுத்தம் இருபத்தேழு நிமிடம்.
காரணம்: முறுக்கு. பழுது இல்லை.'

கீழே கையெழுத்துக்கு மேல்
பணியில் சேர்ந்த தேதி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு.
மூன்று வருடம், ஒரே கைப்பக்கமாக.
நிரப்பினேன்.
விடுப்பு விண்ணப்பம்
அதே மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது.